ரத்தத்துக்குத் தெரிந்த பிள்ளை

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். இது எத்தனையாவது கர்ப்பம் என்று தெலுங்கில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மாமியார் முந்திக்கொண்டார்.

“மொதடிதே மேடம்.”

முதல்தான் என்று நானும் தலையாட்டினேன். டாக்டரம்மா விடவில்லை. என் ரத்தம் நெகட்டிவ். பாசிட்டிவ் பிள்ளை ஒன்றை முன்பே சுமந்த உடம்புதான் அந்த ரத்தத்தை எதிரி என்று தெரிந்துகொண்டு, அடுத்த பிள்ளையைத் தேடிப்போய் அடிக்குமாம். முதல் பிள்ளை என்றால் தாள் இப்படி வராது, உண்மையைச் சொன்னால்தான் வயிற்றிலிருப்பதைக் காப்பாற்ற வழி பார்க்கலாம் என்றார்.

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பியபோது, “நாள் பூரா மிஷின்ல குந்திக்கினு இருந்தா புள்ள தங்காதும்மே” என்று தடுத்தவர் இந்த மாமியார்தான். எனக்கு வீம்பு. வெளிநாட்டுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். நான்காம் மாதம் கலைந்தது. சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் சுத்தம் செய்துகொண்டு, மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது பலித்தது என்று ஒப்புக்கொள்வதைவிட மறப்பது சுலபமாக இருந்தது. மறந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாபகம் தலைக்குள் இருக்கிறது, அதற்கு எஜமானி நான்தான் என்று நம்பியிருந்தேன். என்னைக் கேட்காமலே எனக்குள் இன்னொன்று பாடம் படித்திருக்கிறது. நான் முகம்கூடப் பார்க்காத பிள்ளையை அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. இதுவும் அறிவுதானே? பிள்ளை எது, நோய் எது என்று தெரியாத அறிவு. அதன்மேல் ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“இது ரெண்டாவது மேடம்” என்றேன். மாமியார் பக்கம் திரும்பவில்லை.

ஊருக்குத் திரும்பும் நகரி பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியது. மாமியார் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“எத்தினி மாசம்?”

“நாலு, அத்தை.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோதெல்லாம் அவர்தான் கூட வந்தார். ஒவ்வொரு தாளிலும், பிள்ளையை அடிக்கும் அந்த எதிர்ப்பின் எண் ஏறிக்கொண்டே போனது.

எட்டாம் மாதமே பிள்ளையை எடுத்தார்கள். மஞ்சள் பூத்த பெண் குழந்தை. ரத்தம் மாற்றத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள்தான், இனி பயமில்லை என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் தாளில் எழுதக் கேட்டாள், எத்தனையாவது பிள்ளை என்று. குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார் நிமிர்ந்தார்.

“ரெண்டோதி” என்றார்.

போன பிள்ளைக்காக நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான்.