ரீசெட் செய்யவா, வேண்டாமா?

போன வாரம் ஒரு சாயங்காலம். எதிர்வீட்டு மாடசாமி அண்ணாச்சி புத்தம்புது டிஜிட்டல் கேமராவோடு வந்து நின்றார். உரக்கடை வைத்திருப்பவர். இதுவரை கேமராவைத் தொட்டதில்லை.

மறுநாள் காலை அவர் மகள் கோமதிக்கு வளைகாப்பு. துபாயில் இருக்கும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. செல்போன் படம் வேண்டாம், பெரிசாக பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டும் என்று அவர்தான் கேமராவை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். அண்ணாச்சி எடுத்துப் பார்த்தால்... எல்லாப் படமும் பனிமூட்டம்.

என்னிடம் ஏன் வந்தார்? பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் — அதுவும் தெருவுக்குத் தெரியும். இருந்தும்!

"எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போலுக்கு, தம்பி. நீதான் பாத்துச் செய்யணும்."

மெனுவைத் திறந்தேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். 'ரீசெட்' என்று ஒன்று இருந்தது. தொட்டால், எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. எல்லாம் என்றால்? படம் எடுக்கிற வித்தையும் சேர்த்தா? அதைப் பற்றித் தெளிவாக இல்லை. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அமுக்கிவிட்டேன்.

மறுபடி மொழி, தேதி, நேரம் எல்லாம் போட்டேன். மெமரி கார்டைக் கழற்றி மாட்டினேன். வாசலில் நின்ற என் சைக்கிளைப் படம் எடுத்தேன். சங்கரன்கோவில் வெயிலில் நின்ற சைக்கிள், படத்தில் ஊட்டியில் நின்றது.

திரும்பவும் ரீசெட். திரும்பவும் ஊட்டி.

கேமராவைக் கெடுத்தது நானேதான் என்று முடிவு செய்தேன். துபாய்க்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பை மனசுக்குள் தயாரிக்கத் தொடங்கினேன்.

அப்போது அண்ணாச்சியைத் தேடி அவர் மனைவி, எங்கள் மதினி, வந்தார். கேமராவை வாங்கி, லென்ஸை ஒரு பார்வை பார்த்தார்.

"சந்தனம் இன்னும் போவலியா? நல்லாத்தானே தொடச்சேன்."

விசாரித்தேன். புதிதாக எது வாங்கினாலும் பொட்டு வைக்காமல் அவர்கள் வீட்டில் தொட மாட்டார்கள். தராசு, மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ் — எல்லாம் பொட்டு வாங்கியவைதான். கேமராவுக்கு நெற்றி எது? நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அங்கே வைத்து, அப்புறம் முந்தானையால் துடைத்திருக்கிறார்.

"பொட்டு வைக்காம புதுசை எப்படித் தொடுதது, தம்பி?"

மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து வந்து மெதுவாகத் துடைத்தேன். சைக்கிள் ஊர் திரும்பியது.

ஒன்று கெட்டுவிட்டால், உள்ளே போய் எல்லாவற்றையும் கலைத்துப் போடத்தான் நமக்கு அவசரம். முகத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

வளைகாப்பு நல்லபடி நடந்தது. படங்கள் பளிச். அண்ணாச்சி கேமராவைக் கீழே வைக்கவே இல்லை. அதனால் மாப்பிள்ளை படங்களைப் பார்த்துவிட்டுப் போனில் பேசும்போது, எல்லாரும் இருக்காங்க, மாமாவை எங்கே காணோம் என்று கேட்டாராம்.

அண்ணாச்சி இருக்கிற படம் ஒன்றே ஒன்று உண்டு. மகளுக்கு விபூதி பூச வேண்டியிருந்ததால், கேமராவை ஒரு நிமிஷம் என் கையில் கொடுத்தார். அதைத்தான் பெரிசாக பிரிண்ட் போடப் போகிறார்களாம்.

படம் லேசாக ஆடியிருக்கிறது. கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை.