நான் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்

வானொலியில் மழை வருகிறது என்று சொன்னதற்காக ஒரு மனிதரை மைக்கின் முன்னாலிருந்து எழுப்பிவிட்டார்கள். அவர்மேல் மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டவன் நான். அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தை எழுதியவனும் நான்தான். கடிதம் எழுதியது பொறாமையால். விளக்கத்தை அப்படி எழுதியதற்கு என்ன காரணம் சொல்வது என்று எண்பத்து மூன்று வயதாகியும் எனக்குத் தெரியவில்லை.

யுத்த காலம். திருவனந்தபுரத்துக்கு வானொலி வந்து அதிக நாள் ஆகவில்லை. தமிழுக்கு மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை நடத்த ஆள் வேண்டும் என்று குரல் சோதனைக்குக் கூப்பிட்டபோது, ஆரியசாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்திலிருந்து மட்டும் இரண்டு பேர் போனோம். சந்தில் எட்டு வீடுகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றடியில் துணி காயப்போட நீளமாக ஒரு கொடி. முதல் வீடு எனக்கு, பி.ஏ. முடித்துவிட்டு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். கடைசி வீடு அவருக்கு. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என் படிப்புக்கு மரியாதை வைத்து என்னை சாரே என்பார்.

சோதனையில் எனக்குக் கொடுத்த தாளைத் தங்குதடையில்லாமல் வாசித்தேன். மலையாளியான அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா வாசிக்கிறீங்க. பக்ஷே, ஆபீஸ் ஃபைல் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

அண்ணாச்சி தாளில் இரண்டு வரி வாசித்ததும் தடுமாறி, அதைக் கீழே வைத்துவிட்டு, "இதுல உள்ளதை நான் என் வாயாலே சொல்லட்டா?" என்று கேட்டாராம். வேலை அவருக்குக் கிடைத்தது.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் நிலையத்தின் வராந்தாவில் நின்று கிழக்கே பார்ப்பார். பொன்முடி மலைப் பக்கம் கறுத்திருந்தால், வணக்கம் சொன்ன கையோடு அதையும் சொல்லிவிடுவார். "மலையிலே இருட்டிக்கிட்டு வருது, கேட்டேளா. கொடியிலே துணி கிடந்தா எடுத்துருங்க. பக்கத்து வீட்டுத் துணியையும் சேத்து எடுங்க, அவங்க வெளியிலே போயிருப்பாங்க." பூங்காவில் பொதுமக்களுக்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் இதைக் கேட்டு ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்ப்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் சந்து வரைக்கும் எட்டும். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் எட்டு வீட்டுத் துணியையும் எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைத்துவிடுவார்கள். அவர் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பழக்கமே வந்தது.

நானும் தினமும் பூங்காவுக்குப் போவேன். அவர் எங்கே தப்புச் செய்கிறார் என்று கேட்பதற்காகத்தான் போனேன். ஒருநாள் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றிருந்தபோது சாலைக் கடைக்காரர் ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"சாரும் இந்த வேலைக்குப் போனாராம்லா."

"அப்படியா! சார் பேசியிருந்தா வந்த மழையும் திரும்பிப் போயிருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் மத்தியானம் ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன்.

யுத்தம் முடியும் வரை வானிலை பற்றி வானொலியில் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்தது. மழை, மேகம் எதுவானாலும் எதிரி விமானங்களுக்குத் துப்பு ஆகிவிடும் என்பது காரணம். அந்தச் சுற்றறிக்கை எங்கள் ஆபீசுக்கும் வந்திருந்தது. அதில் இருந்த வார்த்தைகளையே எடுத்து, குறிப்பிட்ட ஒரு நாளையும் நேரத்தையும் போட்டு, சாம்ராஜ்யத்தின் பாதுகாப்பில் அக்கறை உள்ள ஒருவன் என்று கையெழுத்து இடத்தில் அடித்தேன். தம்பானூரில் ரயில் நிலையத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு கண்டிப்பு வரும், அவருடைய துணிக் கதை நிற்கும் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்வதால் என் குற்றம் குறையாது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள்.

"சாரே, மெமோ குடுத்திருக்கான். யாரோ என்மேலே எழுதிப் போட்டிருக்கான் போல. கூட இருக்கிறது அந்தக் கடிதாசியோட காப்பி. என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க."

என் கடிதத்தை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சொல்லி முடித்ததும், "கெட்டிக்காரன்தான். நல்லாப் படிச்சிருக்கான், அல்லே?" என்றார். கோபமே இல்லை. "நம்ம சந்துத் துணியை எடுக்கிறதுக்கும் ஜப்பான்காரனுக்கும் என்ன சாரே சம்பந்தம்?"

அவர் விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டே விஷயம் எழுதுங்க, போதும். ஒண்ணு, அந்தச் சர்க்குலர் இங்கிலீஷ்லே வந்தது. எல்லாரும் ஒப்புப் போட்டாங்க, நானும் போட்டேன். அதுலே மழையைப் பத்தி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை. ரெண்டாவது, அவன் எழுதியிருக்கிற அந்த நாளிலே நான் சொல்றதுக்கு முன்னாலேயே மழை பெய்ய ஆரம்பிச்சாச்சு. வராந்தாவிலே நின்ன என் தோளே நனைஞ்சது. ஊரே நனைஞ்சுக்கிட்டு இருந்ததை நான் சொன்னா ரகசியமா?"

இரண்டும் உண்மை. அன்று நானும் பூங்காவில் நனைந்துகொண்டுதான் நின்றிருந்தேன்.

பேனாவை எடுத்தேன். அவர் சொன்னபடி எழுதினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் கடிதம் எழுதியது யார், எந்த டைப்ரைட்டர் என்று தோண்டுவார்கள். அவரே ஒத்துக்கொண்டுவிட்டால் அதோடு முடிந்துபோகும். உத்தரவு தெரிந்திருந்தும் அதை மீறிவிட்டேன், சொல்வதற்குச் சமாதானம் ஏதும் இல்லை, கருணை காட்ட வேண்டும் என்று எழுதினேன். ஆங்கிலம் மிக நன்றாக அமைந்தது. அந்த நேரத்திலும் அதைப் பார்த்துக்கொண்டேன்.

"நான் சொன்னது ரெண்டும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு அண்ணாச்சி. இங்கே ஒப்புப் போடுங்க."

நான் விரல் வைத்த இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வேலை போகவில்லை. மைக்கிலிருந்து எடுத்து இசைத்தட்டு அறையில் போட்டார்கள். வேறு யாரோ போட வேண்டிய தட்டுகளைத் துடைத்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தமிழ் நிகழ்ச்சியை இன்னொருவர் தாளைப் பார்த்து வாசித்தார். பூங்காவில் கூட்டம் மெல்லக் குறைந்தது. ஆனால் சந்தில் பழக்கம் நிற்கவில்லை. மழை தூறினால் யாராவது ஓடி எட்டு வீட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணாச்சியோ, சார் எழுதிய எழுத்தால்தான் சோறு தப்பியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஓணத்துக்கு ஓணம் அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஒரு தூக்கு நிறைய நேந்திரங்காய் உப்பேரி கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு வருஷமும் வாங்கித் தின்றேன்.

யுத்தம் முடிந்த பிறகு அவரைத் திரும்பவும் மைக் முன் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் மறுபடியும் பூங்காவுக்கு வந்தார்கள். வந்து ஏமாந்தார்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் வாசித்தார். கடை வீதியில் யாரோ கேட்டார்களாம்: "அண்ணாச்சி, மழை என்ன ஆச்சு?"

"பேப்பர்லே எழுதிக் குடுத்தா வாசிப்பேன், வே," என்றாராம்.

அவர் குரல் ஃபைல் வாசிக்கிற குரலாகிவிட்டது. என்னுடைய குரல் அப்படித்தான் இருக்கிறது என்று அந்த அதிகாரி சொன்னாரே, அதே மாதிரி. அதைக் கேட்க முடியாமல் பூங்காவுக்குப் போவதை நிறுத்தினேன்.

பிறகு அண்ணாச்சிக்கு இருமல் வந்தது. ஒரு மழைக்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. சந்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் வந்தார்கள். பொன்முடி அடிவாரத்து வித்துராவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மிளகுக்காரர், அண்ணாச்சியை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை என்றார். "சந்தையிலே சாயாக்கடை ரேடியோவிலே கேட்டதுதான். எங்க மலையிலே மழைன்னு எங்களுக்கே சொன்ன மனுஷன்," என்று சொல்லிவிட்டு முகத்தை ஒருமுறை பார்த்துத் திரும்பினார். நான் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்தேன். மதினியின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் அத்தானுக்கு உதவின ஒரே ஆள் என்று அழுதார்.

அதன் பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும், நடந்ததையெல்லாம் எழுதி, என் பெயரைப் போட்டு, நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அதே அதிகாரிதான். இரண்டு முறை வாசித்தார்.

"அந்த ஃபைல் எனக்கு நல்ல ஓர்மை உண்டு," என்றார். "சர்க்குலர் மனசிலாயில்லைன்னு ஒரு வரி இருந்தா, வார்னிங் குடுத்து அன்னைக்கே முடிச்சிருப்பேன். தெரிஞ்சேதான் செய்தேன்னு எழுதிக் குடுத்த ஆளை நான் எங்ஙனே காப்பாத்த?"

நேயர் கடிதங்களோடு என் கடிதத்தையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "ஊரறியச் சொன்னா உங்களுக்கு ஆசுவாசம். அது சொல்ல வேண்டிய வீடு ஒண்ணு இருக்கே. உங்க சந்திலேயே இருக்கு, அல்லே?"

அன்று சாயங்காலமே கடைசி வீட்டுக்குப் போனேன். மதினி உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும் அவர் உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து, அன்று நான் அண்ணாச்சிக்குக் கொடுத்திருந்த விளக்கத்தின் நகலைக் கொண்டுவந்தார்.

"இதுலே என்ன எழுதியிருக்குன்னு தமிழ்லே சொல்லுங்க."

சொன்னேன்.

"அவுக சொன்னது இதுலே எங்கே இருக்கு?"

"இல்லை மதினி."

"அப்போ அதை எழுதுங்க."

அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். சுற்றறிக்கை எனக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கிச் சொல்லவுமில்லை. நான் மழை என்று சொன்னபோது ஊரே நனைந்துகொண்டிருந்தது. கீழே, இது அவர் சொன்னது, எழுதாமல் விட்டவன் நான் என்று கையெழுத்துப் போட்டேன். மதினி விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "செரி, போங்க," என்றார். எப்போதும் தம்பி என்று சொல்கிறவர். அன்று சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி கோட்டைக்குள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆபீசிலிருந்து நான் குடையோடு திரும்பியபோது ஏழு வீட்டு வாசலிலும் மடித்த துணி இருந்தது. கிணற்றடிக் கொடியில் என் இரண்டு வேட்டிகளும் அவளுடைய சேலையும் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. எடுக்கக் கை வராமல் நின்றேன். அவளும் வந்து சேர்ந்தாள்.

"என்ன, ஒருத்தரும் எடுக்கலை? எல்லாரும் வீட்டிலேதானே இருக்காக?"

அவளிடம் அதுவரை நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மழையிலேயே வைத்துச் சொன்னேன். அவள் கொடியிலிருந்து துணிகளை இழுத்து ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். வேட்டிகளைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சந்தின் கடைசி வீட்டை நோக்கி நடந்தாள்.