மருமகளின் இணையக் கடை

ஏழெட்டு வருஷம் இருக்கும். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எங்கள் வீட்டின் முன்பக்கமே மளிகைக் கடை. கல்லாவில் மாமனார் இருப்பார். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க டவுனுக்கும் கடைக்குமாக அலைந்துகொண்டிருப்பார். நான் அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன் என்று நிற்பேன். எந்நேரமும் போனில் படம் பார்க்கிறாள் என்றுதான் சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. உண்மையில் நான் இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, அதில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. குண்டு வத்தலுக்கும் சம்பா வத்தலுக்கும் காரத்தில் என்ன வித்தியாசம், குதிரைவாலிச் சோறு குழையாமல் வடிப்பது எப்படி, மல்லி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், இந்த மாதிரிதான். பிறந்தது பரளச்சிப் பக்கம் மானம் பார்த்த பூமியில், வாக்கப்பட்டது மளிகைக் கடையில். வேறு எதைத்தான் எழுதுவேன்? ஆனாலும் படிக்க ஆள் வந்தார்கள். சென்னையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, ஏன் துபாயிலிருந்துகூட வந்தார்கள். சொந்தக்காரர்களில் மட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்க் கட்டுரைகளுக்கும் விளம்பரம் கிடைக்கும் என்று தெரிந்தது. கட்டுரைக்கு நடுவே ஒரு கம்பெனி விளம்பரங்களைக் காட்டும். படிக்கிறவர் ஆர்வப்பட்டு அதைத் தொட்டால் எனக்குக் கொஞ்சம் காசு சேரும். விண்ணப்பம் போட்டேன். அது சரியில்லை, இது சரியில்லை என்று இழுத்தடித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு என் பேருக்கென்று நான் சம்பாதித்து ஒரு ரூபாய் வந்ததில்லை. ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்துவிட்டால் நேராக என் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள் என்பதை நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு பரிமாறும்போது வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். மாமாவும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். என் எழுத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வருமானத்தைப் பார்க்கிறேன், ஒரேயடியாக ஏறி நிற்கிறது. மத்தியானம் இன்னும் ஏறியது. என் வத்தல் கட்டுரை நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது என்றே முடிவுகட்டி, கேசரி கிண்டிவிட்டேன். அந்தக் கேசரி தீர்வதற்குள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விளம்பரங்களைத் தொட்டது உண்மையான வாசகர்கள் இல்லை, ஆகவே கணக்கை மூடுகிறோம், சேர்ந்த தொகையும் கிடையாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நானே தொடக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். நான் விரல்கூட வைக்கவில்லையே!

சாயங்காலம் கடைக்கு வந்த எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "ஏத்தா, ஒனக்குப் போணி பண்ணிட்டேன். காசு வந்துருச்சுல்ல?"

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. எங்கள் பக்கம் யாராவது புதுக் கடை திறந்தால், தேவை இருக்கோ இல்லையோ, சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போய் ஏதாவது வாங்கி முதல் வியாபாரத்தைத் தொடங்கி வைப்பார்கள். அதுதான் போணி. மாமா அந்த வெள்ளிக்கிழமையை நல்ல நாளாகப் பார்த்து, கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் போனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். "எம் மருமக கடை தெறந்துருக்கா, ஆளுக்கு ஒரு போணி பண்ணிட்டுப் போங்க" என்று சொல்லிச் சொல்லித் தொட வைத்திருக்கிறார். எதிர்வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், விளம்பரத்தில் கேட்ட இடத்தில் தன் நம்பரையும் போட்டுவிட்டார். பாவம், சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறீர்களா என்று கேட்டு ரொம்ப நாள் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யாரிடம் காட்டுவது? என் எழுத்தை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று நான் நினைத்த மனுஷன், ஊரையே கூட்டி எனக்கு வியாபாரம் பிடித்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆனால் மாமா விடவில்லை. அவர் தினமும் என் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒன் கடையில வெளம்பரமெல்லாம் காணமே?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் முந்திக்கொண்டது. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே ஆள் வைத்துத் தொடச் சொன்னால் அது ஏமாற்று வேலை, அதனால்தான் மூடிவிட்டார்கள் மாமா என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "ஏமாத்துன்னா எழுதியிருக்காக?" என்று மறுபடி மறுபடி கேட்டார். தராசு முள்ளில் ஒரு நாளும் கை வைக்காத மனுஷன். எனக்குக் காசு போனதைவிட அவர் அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை.

"எம் மருமக மேல தப்பு இல்ல, நாந்தான் செஞ்சேன், எங்க ஊரு வழக்கம் இதுன்னு எழுதும்மா. கையெழுத்து வேணும்னாலும் போடுதேன்" என்றார்.

எழுதினேன். போணி என்பதை இங்கிலீஷில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எவ்வளவு எழுதியும் ஏதோ மந்திரம் மாதிரிதான் எனக்கே தோன்றியது. எழுதியதை மாமா தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் அனுப்ப விட்டார். பதில் சீக்கிரமே வந்தது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. அதை மாமாவிடம் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. அதற்கும் ஒரு வகையில் மாமாதான் காரணம். போணி பண்ண வந்த கூட்டத்தில் பாதிப் பேர் படிக்கவும் தொடங்கிவிட்டார்கள். "கம்பங்கூழுக்கு அம்புட்டு உப்பா போடுவாக?" என்று கடை வாசலில் நின்று சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்ப நாள் கழித்து வேறொரு கம்பெனி என் பக்கத்துக்கு விளம்பரம் தர ஒத்துக்கொண்டது. இந்த முறை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விளம்பரம் தெரிய ஆரம்பித்த அன்றைக்கு மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்த மாமா, உட்காராமல் தயங்கி நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார்.

"வெளம்பரம் திரும்ப வந்துருக்கேம்மா. நான் பாக்கத்தான் செஞ்சேன். தொடலம்மா."

சின்னப்பிள்ளை மாதிரி அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இலையைப் போட்டுவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு கடையில் யாராவது போனில் என் பக்கத்தைத் திறந்தால், "படிங்க, படிங்க. கைய மட்டும் வச்சுராதீக" என்று கல்லாவிலிருந்தே சத்தம் போடுவார். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

மாமா இப்போது இல்லை. என் கணக்குக்கு மாதாமாதம் ஏதோ வந்துகொண்டிருக்கிறது. எந்த ஊரிலோ இருக்கிற, முகம் தெரியாத யார் யாரோ தொட்டதால் வருகிற காசு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் எழுத்துக்கு முதல் போணி எது என்று யாராவது கேட்டால், அந்த வெள்ளிக்கிழமை மாமா பிடித்துக் கொடுத்து, எனக்குக் கடைசிவரை வந்து சேராமலே போன காசைத்தான் சொல்வேன்.