செல்வியின் நோட்டுத்தாள்

இறந்துபோன பிள்ளையின் கையெழுத்துள்ள தாளில் மடித்து வந்த சர்க்கரையைச் சாப்பிடலாமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மைசூரில் நான் ஆன்லைனில் மளிகை வாங்கும் சிறு கடைக்கு, குப்பை சேருகிறது, பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். நேற்று கடுகு பழைய பள்ளி நோட்டுத்தாளில் மடித்து வந்தது. பென்சில் வாசனை மூக்கில் ஏறியதும் நான் சிறுவயதில் வளர்ந்த ராமாபுரத்தில் நின்றேன்.

எதிர்வீட்டுச் செல்வி காய்ச்சலில் போனபோது எனக்கு எட்டு வயது. அவளுடைய நோட்டுகளை வீட்டார் மளிகைக் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். அடுத்த வாரம் எங்கள் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தால், தாள் முழுக்க அவளுடைய சாய்ந்த எழுத்தில் என் பெயர். வரிக்கு வரி என் பெயர் மட்டும்.

"தொடாத கண்ணு! அவ உன்னத்தான் கூப்புடறா" என்று அம்மா அதைப் பறித்து அடுப்பில் போட்டார். சர்க்கரையைச் சாக்கடையில் கொட்டினார்.

மறுநாள் கடையில், "எங்களுக்கு மட்டும் கவர்ல போடுங்கண்ணா" என்றார்.

"ஏனக்கா, தாளு கடிக்குதா?" என்று கடைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுக்குள் காகிதப் பொட்டலம் வந்ததே இல்லை.

நேற்றைய தாளை என் மூன்று வயது மகள் கையை விட்டு இறக்க மறுக்கிறாள். "இந்த அக்கா எப்போம்மா வருவா?" என்று கேட்கிறாள். தாளில் கூட்டல் கணக்குகள்தான் இருக்கின்றன, பெயர் எதுவும் இல்லை. எழுதியது ஓர் அக்கா என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மறுபடி பிளாஸ்டிக் கவரே போதும் என்று கடைக்கு எழுதவா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.