சின்னராசா போடாத வாக்கு

பசறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் தேநீர்க் கடை. மூன்று கட்சிக்காரர்களும் இங்கேதான் வந்து குடிக்கிறார்கள். அதனால் எங்கள் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் தோற்ற கதையை நான் மூன்று விதமாகக் கேட்டுவிட்டேன். மூன்றிலும் குற்றவாளி ஒரே ஆள்தான், தேயிலைத் தோட்டத் தலைவர் சின்னராசா. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு விஷயத்திலாவது மூன்று கட்சிகளும் ஒற்றுமையாக இருந்தன.

அறுபதை நெருங்கும் மனிதர். பிறந்தது, கொழுந்து மலையில் வேலைக்கு இறங்கியது, கல்யாணம் முடித்தது, மனைவியை அடக்கம் செய்தது எல்லாம் ஒரே தோட்டத்தில். செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி முதுகு வளைந்துவிட்டது. தொழிற்சங்கத்துக்கு அவர்தான் அங்கே தலைவர். லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், புருஷன் பெண்சாதி சண்டை என்றாலும், தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ப் பேசவேண்டும் என்றாலும் கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான். போன தேர்தலில் சங்கம் அவரை நிற்க வைத்தது, ஜெயித்தார். சபை உறுப்பினர் ஆன பிறகும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. கூட்டம் உள்ள நாளில் மட்டும் வெள்ளைச் சட்டை.

அவர் சபைக்குப் போனது ஒரு பாலத்துக்காக. லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இரண்டு சவுக்குக் கட்டைகளைப் போட்டுத்தான் அந்த ஜனங்கள் கடக்கிறார்கள். ஆட்டோ அக்கரையோடு நின்றுவிடும். நோயாளி என்றால் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டையில் நடக்க வேண்டும். நான் ஒரு தடவை வெறும் கையோடு நடந்து பார்த்தேன். அதன் பிறகு போகவில்லை.

சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளரின் கட்சிக்கு ஆட்கள் அதிகம், ஆனால் பாதிக்கு மேல் இல்லை. ஒவ்வொரு தடவையும் மற்ற உறுப்பினர்களின் கையைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். பட்ஜெட் நேரம் வந்ததும் ஒருவர் பிள்ளைக்கு வேலை கேட்டார், இன்னொருவர் உப தவிசாளர் பதவி கேட்டார். சின்னராசா, "எனக்கு ஒண்ணும் வேணாம் ஐயா. பாலத்தப் போடுங்க, கைய தூக்குறேன்" என்றார். பாலம் திட்டத்தில் ஏறியது. அன்றைக்கு என் கடைக்கு வந்து, இருந்த வடையெல்லாம் வாங்கி, பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கும் கொடுத்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த லயத்துக் கருப்பம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மழை. மகன் வேலு முன்னால் பிடிக்க, கட்டை வழுக்க வழுக்கத் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்த்தார்கள். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அதே கட்டை வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்தப் பிரிவில் யாரும் வேலைக்குப் போவதில்லை. பெட்டி, குழி, தப்படிக்கும் ஆட்கள், ஆபீசுக்குச் சொல்வது எல்லாம் தலைவர் பொறுப்பு. விடிந்ததும் சின்னராசா எல்லாவற்றையும் முடித்துவிட்டார். இரண்டாவது மகன் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பதால் பிரேதம் எடுப்பது பிற்பகல் என்று முடிவாயிற்று. சபை கூடுவதோ காலையில். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். தவிசாளர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கரையில் பஸ் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு வாக்கில் பட்ஜெட் தோற்றது. அவர் போயிருந்தால் சரிக்குச் சரி, தவிசாளர் தன் மேலதிக வாக்கைப் போட்டுத் தப்பியிருப்பார்.

அதன் பிறகுதான் கூத்து. எதிர்க்கட்சி சின்னராசாவை விலைக்கு வாங்கி பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் ஒளித்து வைத்ததாக ஆளுங்கட்சிக்காரர்கள் பேஸ்புக்கில் போட்டார்கள். தோற்றால் பதவிக்கு ஆபத்து, அதற்குப் பயந்து தவிசாளரே வாக்குப் போடச் சொல்லி அவரை மிரட்டினார், அதில் மனிதர் ஓடிவிட்டார் என்றது எதிர்க்கட்சி. சங்கத்து ஆட்களோ தங்களுக்குத் தெரியாமல் நடந்த துரோகம் என்று கையைக் கழுவினார்கள். சாவு வீட்டில் இருந்தார் என்று நான் சொன்னால், "அது சரி மொதலாளி, ஆனா உள்ளுக்கு என்ன நடந்திச்சு?" என்று என்னிடமே கேட்கிறார்கள். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஒரு மனிதன் சாவுக்கு நின்றான் என்பதை நம்ப இவர்களில் ஒருவனாலும் முடியவில்லை.

இரண்டு வாரத்தில் பட்ஜெட் திருத்தத்தோடு மறுபடியும் வந்தது. இரண்டு சுயேச்சை உறுப்பினர்களுக்கு டவுனில் கேட்டதெல்லாம் கொடுக்கப்பட்டது. அதற்காகத் திட்டத்திலிருந்து பாலம் வெட்டப்பட்டது. பட்ஜெட் பாஸ். அன்று மாலை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் என் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேட்டிஸ் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சின்னராசா வந்து மூலையில் உட்கார்ந்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, தொடவில்லை. கருப்பம்மாவின் மகள் விஜயலெட்சுமி கருமாதிச் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தவள், அவரைக் கண்டு உள்ளே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அன்னைக்கு நீங்க போயிருக்கலாம். அம்மாவ எடுக்கிறதுக்குள்ள திரும்பி வந்திருப்பீங்க."

"தலைவரு பொணத்தப் போட்டுட்டு டவுனுக்குப் போயிட்டான்னு நீங்க எல்லாம் நெனச்சிட்டா..." என்றார் அவர்.

"நாங்க என்னத்த நெனைக்கப் போறோம்? அந்தக் கட்டையில போயித்தானே எங்கம்மா செத்துச்சு. நீங்க எப்ப எந்திரிப்பீங்கன்னு நானும் அண்ணனும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

"எழவு வீட்டுக்கு வந்தவங்கள எப்புடி மாமா போங்கன்னு சொல்றது?"

அது உண்மைதான். அவர்களுடைய சாவு வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன். வருகிறவரை வாங்க என்பதில்லை, போகிறவரைப் போய்வாங்க என்பதில்லை. சொல்லாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். அப்படிச் சொல்வது வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னராசா தன் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டாளுங்க யாராச்சும் போங்கன்னு சொல்லுவீங்கன்னுதான் புள்ள நானும் ஒக்காந்திருந்தேன்" என்றார்.