மருந்து கையில் இருக்கும்போது

என் அக்காவின் கணவரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு சின்ன மூங்கில் குழல். ஒரு பக்கம் கணுவோடு அறுத்தது, விரல் நீளம்தான் இருக்கும். துப்பாக்கிக்கு ஒரு தடவைக்கு வேண்டிய வெடிமருந்தைத் தலைதட்டி அளப்பதற்கு அதை வைத்திருந்தார். மாமா பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்குத் துபாஷி. அவர்கள் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அதிகாரி கொடுத்துவிட்டுப் போன பழைய துப்பாக்கி அவரிடம் இருந்தது. ஏரிக்கு வாத்து வரும் பனிக்காலத்தில், கோட்டைக்காரர்கள் பிரார்த்தனைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், தனக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே காகிதத்தில் சுருட்டிக்கொள்வார். அவர் சுட்டு விழுந்த வாத்தைவிடச் சுருட்டிய தோட்டாதான் அதிகம் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அந்த வேலையில் அவருக்கு விளையாட்டே கிடையாது. முதலில் அடுப்பை அணைக்கச் சொல்வார். இரும்பு உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி வெளியே வைப்பார். ஏரிக்காற்றில் மருந்து நமத்துப்போகும் என்று கதவைத் தாழிட்டு, ஜன்னல் கீற்று வெளிச்சத்தில் உட்காருவார். எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் கூப்பிடக் கூடாது. கோட்டையில் ஒரு சிப்பாய் தோட்டா சுருட்டும்போது யாரோ கூப்பிட, திரும்பிப் பேசிவிட்டு, மருந்து போட்டதை மறந்து இன்னோர் அளவு போட்டுவிட்டான். சுட்டபோது துப்பாக்கியே வெடித்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் மாமாவும் ஒருவர். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை.

"மருந்து கையில எடுத்துட்டேன்னா எனக்குக் காது இல்லைனு வெச்சிக்க. யாரு கூப்ட்டாலும் பாதியில எழுந்து வரமாட்டேன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சுதான். இன்றுவரை அதில் எனக்கு ஒரு குற்றமும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அந்த ஞாயிறன்று நான் ஊரில் இல்லை, ஆரம்பாக்கத்தில் இருந்தேன். நடந்ததெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்ததுதான். அவர்களுடைய ஒரே பெண்ணுக்குக் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. மாமா கதவைச் சாத்திக்கொண்ட பிறகு காய்ச்சல் ஏறி, குழந்தைக்குக் கண் செருகத் தொடங்கியது. கோட்டை வைத்தியரை அழைக்க மாமா ஒருவரால்தான் முடியும். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. திடுக்கிட்டு அவர் கை தவறினால் என்ன ஆகுமோ என்று பயம். இதோ முடித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்த பிறகுதான் வாய்விட்டுக் கூப்பிட்டாள். மாமாவுக்குக் கேட்டது. கையிலிருந்த அளவைக் காகிதத்தில் கொட்டி, சுருட்டி மடித்து, மருந்துக் குடுவையை மூடிவிட்டு எழுந்து வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு கோட்டைக்கு ஓடினார். வாசல் காவலைத் தாண்டுவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று வைத்தியர் சொன்னதாக மாமா அக்காவிடம் சொன்னார். வைத்தியர் பேசியது மாமாவுக்கு மட்டும்தான் புரியும். அக்கா வேறு யாரையும் கேட்கவில்லை.

துப்பாக்கி கோட்டைக்கே போய்விட்டது. அக்கா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவருக்குமே நல்லதாக இருந்திருக்கும். அதன் பிறகு மாமாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்து வருவார். கோட்டைக்குக் கிளம்பியவர் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவார். "இன்னா, கூப்ட்டியா?" என்பார். "இல்லியே" என்பாள் அக்கா. பக்கத்து வீட்டார் கேலிகூடச் செய்தார்கள். எனக்கும் சில நாள் எரிச்சலாக வரும். அந்த முகத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும்.

இப்போது எனக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. போன மழைக்காலத்தில் மாமா படுக்கையில் விழுந்தார். கடைசி நாளன்று மதியம் நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம். வெகுநேரம் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

"இன்னா, கூப்ட்டியா?"

அக்கா அவர் நெற்றியில் கை வைத்தாள். "ஆமா. கூப்ட்டேன்."

மாமா இரண்டு கையையும் பாயில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"தோ, வந்துட்டேன்" என்றார்.