பாதி வெந்த கல்யாண ரொட்டி

செர்காசி நகரப் பேருந்து நிலையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் நேரம் சொன்னவர் சினோவியா. பஸ் வருகிறதோ இல்லையோ, அவருடைய அறிவிப்பு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்தி முழுவதும் மின்வெட்டு அட்டவணைமேல் திரும்பியது. காலையில் பல் தேய்க்கும் முன்பே அதைப் போனில் பார்த்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் படித்துச் சொல்வார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு, கொரோவாய். கல்யாணத்துக்கென்று சுடும் அந்தப் பெரிய ரொட்டி அவர் கையில் முப்பத்தொரு தடவை வெந்திருக்கிறது. ஒன்றில்கூட விரிசல் விழுந்ததில்லை. ரொட்டி விரிந்தால் குடும்பமும் விரியும் என்பது ஊர்க் கணக்கு. அதனால் விதிகள் கடுமை. மாவைத் தொடுகிறவள் முதல் புருஷனோடு சந்தோஷமாக இருப்பவளாக இருக்க வேண்டும். வேகும்போது வீட்டில் சத்தம் கூடாது. சினோவியாவின் புருஷன் பனாஸ் வருஷத்தில் பாதி நாள் தினிப்ரோ ஆற்றங்கரையில் தூண்டிலோடு இருப்பார். அந்தத் தாம்பத்தியம் சந்தோஷமாக இருப்பதே அதனால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை சுட வேண்டியது நாலாம் மாடி ஓரிசியாவின் கொரோவாய். மாப்பிள்ளை தெமியானுக்குப் போர்முனையிலிருந்து மூன்றே நாள் விடுப்பு. மறுநாள் பதினோரு மணிக்குக் கல்யாணம். இன்னொரு ரொட்டிக்கு நேரமும் இல்லை, முட்டையும் இல்லை.

அவர்கள் குடியிருந்த பதினாறு மாடிக் கட்டிடத்தில் காஸ் கிடையாது, எல்லாம் மின்சார அடுப்பு. சினோவியா இருக்கும் முதல் வாசல் வீடுகளுக்குப் பன்னிரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் என்றது அட்டவணை. இரண்டாம் வாசல் வேறு பிரிவு. நடுவில் ஒரே சுவர்தான், ஆனால் கரண்ட் விஷயத்தில் இரண்டு நாடுகள்.

காலையில் மாவு பிசையப் பெண்கள் கூடியபோது, இரண்டாம் வாசல் ஒன்பதாம் மாடி ருஸ்லானாவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். மூன்று கல்யாணம், மூன்று விவாகரத்து, உதட்டில் எந்நேரமும் சிவப்புச் சாயம்.

"மாவுல கை வைக்காதடி," என்றார் சினோவியா.

"கையக் கழுவிட்டுத்தான்க்கா வந்திருக்கேன்."

"மூணு பேரைக் கழுவிவிட்ட கைதானே அது. போடி, போய் டீ குடி."

ருஸ்லானா சிரித்துக்கொண்டேதான் போனாள். கதவை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாள்.

ஒன்றே காலுக்கு ரொட்டி அடுப்புக்குள் போனது. மற்ற பெண்கள் கிளம்பிவிட்டார்கள். பனாஸ் தலையணைக்குள் தும்மினார். இரண்டு அடித்து ஐந்து நிமிடம் தாண்டியபோது அடுப்பின் விளக்கு அணைந்தது. குளிர்பெட்டியும் மூச்சை விட்டு ஓய்ந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் வேக வேண்டும்.

"நாலு மணி வரைக்கும்னு போட்டிருக்கான்," என்றார் சினோவியா, அடுப்பிடமே முறையிடுவதுபோல.

"ராக்கெட் விடுறவன் உன் அட்டவணையப் பாத்துட்டா விடுறான்?" என்றார் பனாஸ்.

சினோவியா ஜன்னலுக்கு ஓடினார். வேலைநாள் என்பதால், கட்டிடம் மடங்கி எதிரே தெரியும் இரண்டாம் வாசல் பக்கத்தில் ஜன்னலெல்லாம் மங்கிக் கிடந்தது. ஒன்பதாம் மாடியில் ஒன்றுதான் மஞ்சளாக எரிந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். போன் செய்யவும் வழியில்லை, கரண்டோடு சிக்னலும் போய்விட்டது.

"உன் மீன் வண்டிய எடு," என்றார்.

பனிமேல் இழுத்துப் போகும் அந்தச் சறுக்கு வண்டியைப் பனாஸ் தோளில் மாட்டினார். சினோவியா தட்டோடு ரொட்டியை இரண்டு ரஜாய்ப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தார். பதினோரு மாடி இறக்கம். படி படியாக, வலது கால், இடது கால், மூச்சுக்குக்கூட அளவு வைத்து. முற்றத்தில் வண்டியில் ஏற்றும்போது சைரன் அலறியது. கொரோவாய் வேகும்போது சத்தம் கூடாதென்று அதற்கு யார் சொல்வது? சினோவியா வானத்தை ஒரு முறை முறைத்தார். ஆட்கள் பதுங்கு அறைக்கு ஓட, இவர்கள் இருவரும் எதிர்த்திசையில் ஓடினார்கள்.

"இழு, இழு. குலுக்காம இழு."

"ரெண்டும் ஒண்ணா எப்படிம்மா?"

இரண்டாம் வாசலில் லிஃப்ட் ஓடியது. மாட்டிக்கொள்பவர்களுக்காக மூலையில் தண்ணீர், பிஸ்கட், மெழுகுவர்த்தி வைத்த பெட்டி இருந்தது. இலையுதிர் காலத்திலிருந்து லிஃப்டில் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்திருந்த சினோவியா கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். ஆறு, ஏழு. எட்டில் விளக்கு சிமிட்டியது. ஒன்பது.

ருஸ்லானா கதவைத் திறந்து ரஜாயைப் பார்த்தாள்.

"யார் வீட்டுக் குழந்தைக்கா?"

"ஓரிசியாவோட ரொட்டி. அடுப்பப் போடுடி, சீக்கிரம்."

"என் கைதான் ஆகாது. என் அடுப்பு மட்டும் ஆகுமா? மூணு பேருக்கும் அதுலதான் சமைச்சேன்."

"அடுப்புக்கு ஏதுடி கல்யாணம்."

ருஸ்லானா வாய்விட்டுச் சிரித்து அடுப்பைப் போட்டாள். அது சூடாகிற வரைக்கும் ரொட்டி ரஜாயிலேயே இருந்தது. வைக்கும் நேரத்தில் சினோவியாவால் குனிய முடியவில்லை. பதினோரு மாடி இறங்கிய முழங்கால் பூட்டிக்கொண்டது. பனாஸோ வாசற்படியில் மூச்சு வாங்கிக் கிடந்தார். சினோவியா தட்டைப் பார்த்தார், சிவப்பு நகங்களைப் பார்த்தார்.

"பிடி," என்றார். "ஆட்டாம வை."

ருஸ்லானா உள்ளே வைத்தாள். அதன்பின் முக்கால் மணி நேரம் மூவரும் அடுப்புக்கு முன் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தடவை விளக்கு மங்கியது. இரண்டு தடவையும் சினோவியா மூச்சைப் பிடித்தார்.

ரொட்டி வெளியே வந்தது. பொன்னிறம், நல்ல உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

ருஸ்லானா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அக்கா, என் கை பட்டதாலன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க."

முப்பத்தொரு ரொட்டிக்குத் தீர்ப்புச் சொன்னவர் கண்ணாடியை மாட்டினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"இது படிக்கட்டுல ஆனது," என்றார். "படிக்கட்டுல ஆனது கணக்குல வராது."

"அப்படி ஒரு விதி இருக்கா?" என்றார் பனாஸ்.

"இப்ப இருக்கு. உன் வாய் இதோட ஆத்துக்குப் போயிரணும்."

அலங்காரத்துக்கென்று முன்னமே சுட்டு வைத்திருந்த மாவுப் புறா இரண்டையும் சிவப்புப் பழக்கொத்தையும் கோட்டுப் பையிலிருந்து எடுத்து விரிசல்மேல் அடுக்கினார். ஒரு கட்டைவிரல் அளவு அப்படியும் தெரிந்தது. சினோவியா ருஸ்லானாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

"அந்தச் சிவப்புக் கவுன் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு அதப் போட்டுட்டு வந்து ரொட்டிக்கு இந்தப் பக்கம் ஒட்டி நில்லு. ஒருத்தன் கண்ணும் ரொட்டிமேல போகாது."